தலைகீழாக வேய்ந்த கன்னம்

அந்த நாட்களை நினைத்தால் முதலில் கண்ணில் படுவது ஒரு கன்னம். சிலிகானில் வார்த்து, பச்சையும் செம்பும் தீட்டிய இடது கன்னம். அதில் நாற்பத்தொரு செதில்கள், எண்ணியவள் நான். ஒரு சினிமாவில் கடலிலிருந்து எழும் ஊர்வனப் பெண் வேடத்துக்காக, கல்லாற்றுப் பாறைகளில் வெயில் காயும் அரணைகளை மூன்று காலைகள் பார்த்துக் குறிப்பெடுத்திருந்தேன். அரணையின் செதில்கள் ஓட்டுக்கூரை போல, தலையிலிருந்து வால் பக்கமாக ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும். திறந்த விளிம்பு எப்போதும் பின்னால்தான். முன்னோக்கி ஊரும்போது புல்லும் தண்ணீரும் சிக்காமல் வழுக்கிப் போவது அதனால். மனித முகத்தில் என்றால், நெற்றியிலிருந்து கழுத்தை நோக்கி அவை படிய வேண்டும்.

நான் உதவியாளராக இருந்த ஒப்பனைக்காரரை எல்லோரும் மாஸ்டர் என்றார்கள். கரமனையில் எங்களுக்கு அடுத்த தெரு. திருவனந்தபுரத்தில் சினிமாவுக்கு விகார முகங்கள் செய்யவும், விழாக்களில் உடம்பில் ஓவியம் தீட்டவும் அவரைத்தான் கூப்பிட்டார்கள். அவரோ சுவரில் பல்லியைக் கண்டால் அறையை விட்டு வெளியேறுகிறவர். போனில் பார்த்த முதலை முதுகையும் பாம்பு வயிற்றையும் ஒரே முகத்தில் அப்பி, அதற்குக் கான்செப்ட் என்று பெயர் வைப்பார். இயக்குநர் வரும் சத்தம் கேட்டதும் தூரிகையைக் காதில் செருகிக்கொள்வார். அவருடைய கலையில் நான் கண்ட ஒரே நேர்த்தி அந்தச் செருகல்.

ஒரு மதியம் நான் சாப்பிட்டுத் திரும்புவதற்குள், வார்ப்புக்காக நான் செய்து வைத்திருந்த களிமண் மாதிரியைச் சுரண்டிச் செதில்களின் விளிம்பையெல்லாம் மேல்நோக்கித் திருப்பியிருந்தார்.

“இது தலைகீழா இருக்கு மாஸ்டர். தண்ணிக்குள்ளேருந்து எழும்பினா ஒவ்வொரு செதிலும் தண்ணியை அள்ளும்.”

“நிமிர்ந்து நின்னாத்தான்டீ ஒரு பவர். பின்னே, அரணை வந்து கேஸ் போடுமா?” என்று சிரித்தார். “நீ ஒரு காரியம் செய். உன் டயரியில எழுதி வச்சுக்கோ. படம் வந்தப்புறம் பல்லிகளுக்குப் படிச்சுக் காட்டலாம், கேட்டியா?”

எழுதி வைத்தேன். அவர் அதையே வார்த்தார்.

வேடம் போட்டவள் பாறசாலைப் பக்கத்துத் தமிழ்ப் பெண். டிவி தினசரித் தொடர் ஒன்றில் வரப்போகும் மருமகளாக நடித்துக்கொண்டிருந்தாள். ஏழு ஆண்டு துணை வேடங்களுக்குப் பிறகு கிடைத்த முதல் பெரிய பாத்திரம் அது. எங்கள் கடல் காட்சி முடிந்து மூன்றாம் நாள் காலை அந்தத் தொடரில் அவளுடைய கல்யாணக் காட்சி. விழிஞ்ஞம் கடற்கரையில் மாஸ்டர் அவள் முகத்தில் செதில்களை ஒட்டும்போது, “கல்யாணப் பொண்ணுக்கு முகம் கேடாவப்பிடாது, பாத்துக்கிடுங்க” என்று கண்ணை மூடியபடி சிரித்தாள். நான் பசைக் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன்.

மூன்று முறை அலைக்குள் மூழ்கி எழுந்தாள். மூன்றாம் முறை செதில்களுக்குள் தண்ணீர் புகுந்து, கன்னம் கீழ்த்தாடை வரை பிளந்து தொங்கியது. பசையைக் கரைக்கும் எண்ணெயைத் தடவி, கால் மணி நேரம் பொறுத்துத்தான் கழற்ற வேண்டும். வெயில் போகிறது என்று இயக்குநர் கத்தினார். மாஸ்டர் ஈரத் தோலின் மேலேயே இன்னும் கடுமையான பசையை ஊற்றி அழுத்தினார். அதுவும் நிற்காதபோது, எண்ணெய்ப் புட்டியை நான் நீட்ட நீட்ட, ஒரே இழுப்பாக இழுத்தார். செதில்களோடு நான்கு விரல் அகலத்துக்கு அவள் தோலும் வந்தது.

“தோல் வீக், அதான்” என்றார் இயக்குநரிடம். அப்போதும் தூரிகை காதில் இருந்தது.

தொடரில் கல்யாணம் குறித்த நாளில் நடந்தது. மணமேடையில் வேறொருத்தி உட்கார்ந்தாள். படத்தில் அவள் காட்சிகளைத் தூரத்திலிருந்து எடுத்தது போதும் என்று முடித்துக்கொண்டார்கள்.

பத்து நாள் கழித்து ஆரஞ்சுப் பழங்களோடு அவள் வீட்டுக்குப் போனேன். இடது பக்கம் சுவரை ஒட்டி இருக்கும்படி உட்கார்ந்திருந்தாள். மாஸ்டரை வாய் ஓயாமல் திட்டினேன். அந்த ஆளுக்குத் தலை எது, வால் எது என்று தெரியாது என்றேன். தலைகீழாக இருக்கிறது என்று முன்பே அவரிடம் சொன்னதை, தேதியோடு எழுதி வைத்திருப்பதை, ஆறுதல் போலச் சொன்னேன்.

அவள் பழத்தை உரிப்பதை நிறுத்தினாள். “அப்ப, ஒட்டுததுக்கு முந்தியே ஒங்களுக்குத் தெரியும்.”

“அவர்கிட்ட சொன்னேனே.”

“அவருகிட்ட சொன்னியளாக்கும். முகம் யாருக்க முகம், அக்கா?”

மாஸ்டர் இப்போது ஒப்பனை வகுப்புகள் நடத்துகிறார். முதல் பாடத்தில், கடலில் இறங்குவதற்கு முன் எடுத்த அவள் புகைப்படத்தைத் திரையில் காட்டுகிறாராம். நிமிர்ந்து நிற்கும் செதில்களுக்குக் கைதட்டு கிடைக்கிறதாம். அவரை இகழ எனக்குச் சொற்கள் குறைவதே இல்லை. அவரைப் பற்றி மட்டும் இரண்டு நோட்டுகள் நிறைந்திருக்கின்றன. அவள் வீட்டுக்குப் போன நாளின் பக்கத்தில் பஸ் நேரமும், வாங்கிய பழங்களின் எண்ணிக்கையும், மாலையில் மழை பெய்ததும் இருக்கின்றன. அவள் கேட்ட கேள்வியை இப்போதுதான் எழுதுகிறேன்.