கடைசி சீட் வரை

வளைகுடாவில் எங்கள் கம்பெனி பஸ் டிரைவர் ஒல்லியானவர், நரைத்த மீசைக்காரர். ஸ்டீயரிங் பக்கத்தில் எப்போதும் ஓர் எபிரேயப் பாடநூல் கிடக்கும். நாங்கள் தங்கியிருந்த அல் குசைஸில் எல்லோரும் இறங்கியபின், கடைசி சீட் வரை நடந்து பார்த்துவிட்டுத்தான் வண்டியைப் பூட்டுவார். ஒரு ஜூலை மாதம், காய்ச்சலில் தூங்கிப்போன என்னை அப்படித்தான் எழுப்பித் தண்ணீர் கொடுத்தார். பூட்டியிருந்தால் அந்த வெயிலில் நான் மிஞ்சியிருக்க மாட்டேன்.

"தினமும் இப்படிப் பாப்பீங்களாண்ணே?"

"ஆத்துமாவக் காப்பாத்தணும்னு சபையில சொல்லுவாங்க தம்பி. அது ஏதோ உள்ள ஒளிஞ்சிருக்குன்னு நெனச்சிருந்தேன். எபிரேய வேதத்துல பாத்தா, பசிச்சு, தண்ணி தவிச்சு, மூச்சு விடுத முழு ஆளுதான் ஆத்துமா. அப்போ பஸ்ஸுலயே காப்பாத்தலாம்லா."

சிரிக்காமல்தான் சொன்னார்.

இப்போது எனக்குச் சொந்தக் கார். தனியாக வந்தாலும், பூட்டும் முன் பின்சீட்டைத் திரும்பிப் பார்க்கிறேன்.