சலாலாவில் கறந்த சீம்பால்

நான்கு வருடங்களுக்கு முன்பு, ஓமான் நாட்டுச் சலாலாவில், சாரல் காலம் தொடங்கியிருந்த சமயம் நடந்தது இது. நான் அங்கே மாடும் ஒட்டகமும் வைத்துப் பிழைக்கும் ஒரு குடும்பத்தில் வீட்டு வேலைக்கு இருந்தேன். சொந்த ஊர் புதுக்கோட்டைப் பக்கம். வளைகுடா என்றாலே மணலும் கண்ணாடிக் கட்டடமும்தான் என்று நினைத்துக்கொண்டு விமானம் ஏறியவள் நான். என்னைக் கொண்டுபோய் இறக்கிய இடத்தில் பின்னால் மலை, முன்னால் சமவெளி, வீட்டை ஒட்டி மாட்டுக் கொட்டகை. சாணி வாசனை மூக்கில் ஏறியதும், இதற்கா இவ்வளவு தூரம் வந்தோம் என்று எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

மாடுகள் நம் நாட்டு மாடு போலத்தான், குட்டையாக, கறுப்பும் செவலையுமாக இருக்கும். ஆனால் தின்பது கருவாடு. புல் கிடைக்காத மாதங்களில் காய்ந்த மத்தி மீனைத் தொட்டியில் கொட்டுவார்கள். அவை பிண்ணாக்குத் தின்பதுபோல ரசித்துத் தின்னும். முதல் தடவை பார்த்தபோது நான் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றதை, அங்கே மாடு மேய்த்த சிவகங்கைக்கார அண்ணன் ரொம்ப நாள் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

அந்த அண்ணன்தான் முதல் நாளே என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். "தங்கச்சி, கொட்டகையில கூட்டு, அள்ளு, தண்ணி காட்டு, என்ன வேணா செய்யி. மாட்டு மடியில மட்டும் கைய வச்சிறாத. இந்த வீட்டுல பொம்பளைங்க பால் கறக்கக் கூடாது. தலைமுறை தலைமுறையா வர்ற வழக்கம். பாபா இதுல ரொம்பக் கண்டிப்பு. போன வருசம் ஒரு பொண்ணு தெரியாம கறந்ததுக்கு, மறுநாளே ஊருக்கு டிக்கெட்."

பாபா என்றால் வீட்டு முதலாளி. அவர் மனைவியை நாங்கள் மாமா, அதாவது அம்மா, என்று கூப்பிட வேண்டும். மீசை வைத்த என் தாய்மாமனை நினைத்துக்கொண்டு இந்த அம்மாவை மாமா என்று கூப்பிட எனக்கு ஒரு மாதம் பிடித்தது. பிள்ளைகள் மஸ்கட்டில் படித்தார்கள். வீட்டில் அவர்கள் இரண்டு பேர்தான். எந்த மாட்டுக்கு வயிறு சரியில்லை, எதை விற்கலாம், எதை விற்கக் கூடாது என்று அந்த அம்மா சொல்வதுதான் அங்கே கடைசி வார்த்தை. ஆனால் பால் மட்டும் பாபாவோ அண்ணனோதான் கறப்பார்கள். ஈச்ச ஓலையில் பின்னி அடியில் தோல் வைத்துத் தைத்த பால் குடுவை ஒன்று கொட்டகைச் சுவரில் மாட்டியிருக்கும். அந்த அம்மா அதைத் தொட்டு நான் பார்த்ததில்லை.

எனக்கு உள்ளுக்குள் எரிச்சல்தான். ஏழு வயதில் கறக்க உட்கார்ந்தவள் நான். உதைக்கிற மாட்டையும் என் கைக்குப் பழக்கிவிடுவேன். இருந்தாலும், அவர்கள் வீடு, அவர்கள் வழக்கம், நமக்கென்ன என்று வாயை மூடிக்கொண்டேன். நான் வாயை மூடிக்கொள்வது எவ்வளவு பெரிய விஷயம் என்று என் வீட்டில் கேட்டால் தெரியும்.

சாரல் பிடித்துவிட்டால் மலைப்பாதை வழுக்கும், ஒட்டகத்துக்கு ஆகாது. அதனால் அந்தப் பக்கத்துக் குடும்பங்கள் எல்லாம் சேர்ந்து போய் ஒட்டகங்களைச் சமவெளிக்கு இறக்கிக்கொண்டு வருவார்கள். அப்படி ஒரு நாள் காலையில் பாபா, அண்ணன், அக்கம்பக்கத்து ஆண்கள் எல்லோரும் மேலே போய்விட்டார்கள். மலை முழுக்கப் பனிமூட்டம். போன் போட்டால் யாருக்கும் லைன் கிடைக்கவில்லை.

அந்த நேரம் பார்த்து ஒரு செவலைக் கிடாரிக்கு வலி கண்டுவிட்டது. தலைச்சன் ஈத்து. அது அந்த அம்மாவின் சொந்த மாடு. பிறந்த வீட்டிலிருந்து அவர் ஓட்டிவந்த பசுவின் வழியில் மிஞ்சியிருந்தது அது ஒன்றுதான். மாட்டு டாக்டருக்குப் போன் செய்தோம். வேறு ஊருக்குப் போயிருக்கிறார், சாயங்காலம் ஆகும் என்றார்கள். நானும் அந்த அம்மாவும் சேறும் சாணியுமாக மல்லுக்கட்டி, ஒருவழியாகக் கன்றை இழுத்துப் போட்டோம். பெண் கன்று. அந்த அம்மா அதன் நெற்றியில் முத்தமே கொடுத்துவிட்டார்.

சந்தோஷம் கொஞ்ச நேரம்தான். சாக்கை வைத்து எவ்வளவு தேய்த்தும் கன்று எழவில்லை. தலையைத் தூக்கித் தாயின் மடியில் வைத்தால் காம்பைப் பிடிக்கத் தெம்பில்லாமல் வாய் நழுவி விழுந்தது. நேரம் போய்க்கொண்டே இருந்தது. கன்றின் வாய்க்குள் விரலை விட்டுப் பார்த்தேன், சில்லிட்டுக்கொண்டு வந்தது. எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. சீம்பாலைக் கறந்து ஊட்டினால் பிழைக்கும், இல்லையென்றால் பொழுது சாய்வதற்குள் போய்விடும்.

"மாமா, நான் கறக்கிறேன்" என்றேன், எனக்குத் தெரிந்த அரபியில்.

"மாஃபி, வேணாம். ஆம்பளைங்க வரட்டும்."

"அவங்க வர்றப்ப கன்னு இருக்காது."

தாய்ப்பசு கன்றை நக்கி நக்கிப் பார்த்துவிட்டு அடித்தொண்டையில் கத்தியது. அந்த அம்மாவின் கண் கலங்கியிருந்தது. வேண்டாம் என்று சொன்னது பிடிவாதத்தால் இல்லை, பயத்தால் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. மடியில் பெண் கை பட்டால் மந்தைக்கே கெடுதல் வரும் என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவர். வழக்கமா, கன்றா என்று அவர் மனசு கிடந்து அல்லாடியது.

பிறகு என் பக்கம் திரும்பிக் கேட்டார். "உங்க ஊர்ல யாரு கறப்பாங்க?"

"நாங்கதான். எங்க வீட்டு ஆம்பளைங்க கறந்தா மாடு ஒதைக்கும்."

அந்த நிலையிலும் அவருக்குச் சிரிப்பு வந்தது. எழுந்து போனார். சுவரில் தொங்கிய குடுவைப் பக்கம் போகவில்லை, சமையலறைக்குப் போய் ஒரு எவர்சில்வர் கிண்ணத்தைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். பிறகு மாட்டின் தலையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி, ஏதோ ஓத ஆரம்பித்தார். "யல்லா, ஆரம்பி" என்றார்.

நான் உட்கார்ந்தேன். பயமாக இருந்ததா என்று கேட்டால், இல்லை. என் கைக்கு அது தெரிந்த வேலை. மஞ்சளாகக் கெட்டிப்பால் இறங்கியது. விரலில் தொட்டுத் தொட்டுக் கன்றின் நாக்கில் தடவினேன். முதலில் வழிந்தது. பிறகு ஒரு மடக்கு உள்ளே போனது. அப்புறம் என் விரலையே சப்ப ஆரம்பித்தது. அந்த உறிஞ்சலை உணர்ந்ததும் நான் அழுதுவிட்டேன். மத்தியானம் தாண்டி அது நான்கு காலையும் பரப்பிக்கொண்டு எழுந்து நின்றது.

பொழுது சாயும்போது ஒட்டகங்களோடு ஆண்கள் வந்தார்கள். பாபா நேராகக் கொட்டகைக்கு வந்தார். கன்றைப் பார்த்தார், மாட்டைப் பார்த்தார், கிண்ணத்தில் மிச்சமிருந்த சீம்பாலைப் பார்த்தார். முகம் இறுகியது. "யார் கறந்தது?" என்று கேட்டார்.

அண்ணன் என்னைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். செய்ததைச் சொல்ல எனக்கென்ன, டிக்கெட் என்றால் டிக்கெட் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அந்த அம்மா எனக்கு முன்னால் வந்து நின்றுவிட்டார்.

"நான்தான்" என்றார்.

பாபா ஒன்றும் முட்டாள் இல்லை. மடியைத் தொட்டே அறியாத பெண் ஒரு கிண்ணம் பால் கறக்க முடியாது என்று அவருக்குத் தெரியாதா? மனைவியையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்த அம்மாவும் கண்ணை எடுக்கவில்லை. கடைசியில் அவர் "கலாஸ், முடிஞ்சுது" என்று சொல்லிவிட்டுக் கை கால் கழுவப் போய்விட்டார். அதன் பிறகு அந்தப் பேச்சே எழவில்லை. மறுநாளும் வழக்கம்போல அவர்தான் கறந்தார். நானும் அந்தப் பக்கம் போகவில்லை.

ஆனால் எனக்குத் தாங்கவில்லை. பாத்திரம் தேய்க்கும்போது கேட்டே விட்டேன். "நான் செஞ்சதுக்கு நீங்க ஏன் பழி ஏத்துக்கிட்டீங்க, மாமா?"

அவர் சாதாரணமாகச் சொன்னார். "உன்னை அனுப்ப அவருக்கு ஒரு வார்த்தை போதும். என்னை எங்க அனுப்புவார்?"

இப்போது ஊருக்கு வந்து, நான்கு பெண்களை வேலைக்கு வைத்துச் சமையல் ஒப்பந்தம் எடுத்து நடத்துகிறேன். அவர்களில் யார் மீதாவது பழி வரும்போலத் தெரிந்தால், அது என் மேல் விழுந்தால் தாங்கக்கூடிய இடத்தில் நான் இருக்கிறேனா என்றுதான் முதலில் யோசிக்கிறேன், இருந்தால் அவர்களுக்கு முன்னால் போய் நின்றுகொள்கிறேன்.