மகப்பேறு விடுப்புக்குப் பதில் ஆள்

தற்காலிக விரிவுரையாளர் வேலை என்பது அடுத்தவர் துண்டு போட்டுவைத்த பஸ் சீட். அவர் வரும்வரை உட்காரலாம், சாய்ந்துகொள்ள முடியாது. டாக்டர் பட்டம் வாங்கிவிட்டு, 'ஓராண்டு மட்டும்' என்று வந்த கடிதத்துக்குச் சந்தோஷப்பட்ட சக பாவிகளே, உங்களுக்கு இதெல்லாம் புதிதாக இருக்காது.

கடிதம் வந்த அன்று

புள்ளியியலில் பட்டம் வாங்கி இரண்டு வருஷமாகியும் புனேயில் வேலை அமையவில்லை. அமைந்தது அயர்லாந்தில். அங்கே ஒரு விரிவுரையாளர் மகப்பேறு விடுப்பில் போகிறார். ஓராண்டு அவர் வகுப்புகளை நான் எடுக்க வேண்டும். எங்கள் மகள் ஜெனிக்கு அப்போது மூன்று வயது. புனேக்குப் பக்கத்தில் சாகண் கார் தொழிற்சாலையிலிருந்து திரும்பிய என் கணவர் செல்வின், ஷூவைக்கூடக் கழற்றாமல் கடிதத்தை இரண்டு தடவை படித்தார்.

"அந்தம்மா தன் பிள்ளகூட இருக்கணும்னு நீ நம்ம பிள்ளய விட்டுட்டுப் போறே. அப்படித்தான?"

வாராவாரம் வந்தவள்

அங்கே வகுப்புகள் நன்றாகவே போயின. அதுதான் வம்பு. ஒரு மாணவி வாராவாரம் வகுப்பு முடிந்ததும் சந்தேகங்களோடு வந்து நிற்பாள். அடுத்த வருஷம் தன் ஆய்வுக்கு நான் வழிகாட்ட முடியுமா என்று ஒருநாள் கேட்டாள். ஆகஸ்டோடு என் ஒப்பந்தம் முடிகிறது என்றேன். நோட்டை மெதுவாக மூடினாள்.

"அப்படின்னா உங்ககிட்ட சந்தேகம் கேட்டுப் பழகியிருக்கவே வேண்டாம்."

ஒரு ஞாயிறு

ஞாயிறுதோறும் வீடியோவில் பேசுவோம். எனக்குக் காலை, புனே ஔந்தில் எங்கள் வீட்டில் மத்தியானம். அயர்லாந்து போன ஏழாவது மாதம், நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஜெனி சோபாவிலிருந்து குதித்து உதட்டைக் கிழித்துக்கொண்டாள். வாயெல்லாம் ரத்தம். "அம்மாகிட்ட வா தங்கம்" என்று போனுக்குள் கத்தினேன். எங்கே வருவாள்? "காகூ! காகூ!" என்று அழுதபடி வாசலுக்கு ஓடினாள். காகூ என்பது எதிர்வீட்டு மராத்தி அம்மா. பகலில் ஜெனியைப் பார்த்துக்கொள்பவர். செல்வின் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"அவ காகூகிட்டப் போயிட்டா. நீ போனை வை."

திரும்பி வந்த பிறகு

ஜெனி என்னைத் தலைவார விடுவதற்கே மூன்று வாரம் ஆயிற்று. அதற்குள் இங்கே ஒரு கல்லூரியில் நேர்காணல். முதல்வர் என் அயர்லாந்துச் சான்றிதழை முன்னும் பின்னும் புரட்டினார். கெட்ட மனிதர் இல்லை. டீ வரவழைத்துக் கொடுத்து, இந்தியில் தணிவாகத்தான் சொன்னார்.

"டெம்பரரி வேலையை அனுபவத்துல சேர்க்க முடியாது மேடம். அந்த ஒரு வருஷம் நீங்க வீட்ல இருந்ததாத்தான் எடுத்துக்கணும்."

இத்தனை படித்தும், விண்ணப்பப் படிவத்தில் 'நிரந்தர' என்று வரும் இடங்களில் என்னால் தயங்காமல் நிரப்ப முடிவது முகவரி ஒன்றைத்தான்.