காயில் மேல் வைத்த பொட்டு

ஆயுத பூஜைக்கு மறுநாள் காலை, மனைவி முகம் கழுவிக்கொண்டு வந்து, இடது கண்ணைக் கையால் மூடியபடி ஜன்னலைப் பார்த்து நின்றாள். வலது கண்ணில் ஓரத்திலிருந்து ஒரு கறுப்புத் திரை வருகிறது என்றாள்.

கேளம்பாக்கத்தில் அவளுக்கு வழக்கமாகக் கண் பார்க்கும் மருத்துவரைத் தொலைபேசியில் பிடித்தேன். விழித்திரை கழன்றுகொண்டிருக்கலாம், நடுப்பகுதி கழல்வதற்குள் ஒட்டிவிட வேண்டும் என்றார். எப்போது தொடங்கியது என்று கேட்டார். "இப்பதான் டாக்டர், எழுந்ததும்" என்றாள் அவள். வெறும் வயிற்றோடு, தலை குலுங்காமல், சாய்த்துப் படுக்கவைத்து அழைத்து வரச் சொன்னார். மதியத்துக்குள் வந்தால் அன்றைக்கே அறுவை சிகிச்சை. அதற்குப் பிறகு அவர் ஊருக்குக் கிளம்புகிறார்.

விடுமுறை, போதாததற்கு மழை. வாடகைக் கார்கள் வருவதாகச் சொல்லிச் சொல்லி ரத்து செய்தன. அப்பா ஓய்வு பெற்றபோது வாங்கிய எங்கள் பழைய காரின் முன் இருக்கையைச் சாய்த்து, தலைக்கு இருபுறமும் தலையணை வைத்து அவளைப் படுக்கவைத்தேன். தாம்பரத்திலிருந்து வண்டலூர் வரை பள்ளம் பார்த்துப் பார்த்து ஓட்டினேன். அங்கே கேளம்பாக்கம் சாலையில் திரும்பி, மாம்பாக்கம் தாண்டியதும் எதிரே வந்த லாரி சாலையில் தேங்கியிருந்த நீரை எங்கள் மேல் வாரி இறைத்தது. வண்டி இரண்டு முறை இருமிவிட்டு நின்றது.

சாவியைத் திருப்பினேன். எஞ்சின் நன்றாகவே சுழன்றது, ஆனால் பிடிக்கவில்லை. மறுபடி திருப்பியபோது பெட்ரோல் வாசனை வந்தது. பெட்ரோல் வருகிறது, பேட்டரியில் வலு இருக்கிறது. அப்படியானால் தீப்பொறி இல்லை. அதைச் சோதிக்க இரண்டு பேர் வேண்டும்: ஒருவர் சாவி திருப்ப, ஒருவர் பார்க்க. மனைவி அசையக் கூடாது.

சாலையோரத்தில் ஒரு பெண் தார்ப்பாயின் கீழ் உட்கார்ந்திருந்தாள். முந்தைய நாள் விற்காமல் தங்கிவிட்ட திருஷ்டிப் பூசணிக்காய்கள் அவள் முன்னால் குவிந்திருந்தன. குடையைப் பிடித்துக்கொண்டு அவளே வந்துவிட்டாள்.

"இன்னா சார், பூசணிக்கா ஒடைக்கலியா நேத்து?"

"ஒடைச்சோம்மா. உள்ள ஆபரேஷனுக்குப் போற பேஷன்ட் இருக்காங்க. நான் சொல்லும்போது இந்தச் சாவியைத் திருப்பணும்."

"நான் இன்னா டிரைவரா? வண்டி ஓடிக்கினு போய்ட்டா?"

"ஓடாது. அதானே பிரச்சினை."

குடையை என்னிடம் கொடுத்துவிட்டு, சேலையைச் செருகிக்கொண்டு ஓட்டுநர் இருக்கையில் ஏறினாள். நான் நியூட்ரலில் இருப்பதை உறுதி செய்துகொண்டு, ஒரு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அதன் வயரோடு மாட்டி எஞ்சினின் இரும்பில் படும்படி வைத்துவிட்டுக் கையை எடுத்தேன். "திருப்பும்மா." எஞ்சின் சுழன்றது. பிளக்கின் நுனி இருண்டே இருந்தது. பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைத் திறந்து துடைத்தேன். உள்ளே ஈரமே இல்லை. மீண்டும் திருப்பச் சொன்னேன். ஒன்றும் இல்லை.

உள்ளிருந்து மனைவியின் குரல் கேட்டது. "ஏங்க, திரை பாதிக்கு வந்துடுச்சு."

பானெட்டுக்குள் குனிந்து, வெளிச்சம் படாதபடி குடையைத் தாழ்த்திக்கொண்டு, "இன்னொரு தடவை" என்றேன். அப்போது தெரிந்தது. மின்சாரத்தின் வலுவைக் கூட்டி பிளக்குகளுக்கு அனுப்பும் இக்னிஷன் காயிலின் தலையில், வயர் நுழையும் வாயைச் சுற்றி, ஒரு நீல இழை டிக் டிக்கென்று ஊர்ந்தது. போக வேண்டிய வயரை விட்டுவிட்டு, மழைநீரில் ஊறிய சந்தனத்தின் வழியாகப் பக்கத்து முனைக்குத் தாவிக்கொண்டிருந்தது.

பூஜைக்கு வண்டியைத் துடைப்பது என் வேலை. பொட்டு வைப்பது மனைவியுடையது. எஞ்சினுக்கும் வைப்பாள். காயிலின் உடம்பில், நாணயம் போல் வட்டமாக, நடுவில் குங்குமம் வைத்து. எந்த வருடமும் அது பிசகியதில்லை. இந்த வருடம் சந்தனம் உடம்பைத் தாண்டித் தலைமேல் அப்பியிருந்தது. பேட்டரியைப் பார்த்தேன். அங்கே பொட்டு விளிம்பிலிருந்து வழிந்திருந்தது. ஏர் ஃபில்டரில் குங்குமம் ஒரு பக்கம், சந்தனம் ஒரு பக்கம். நேற்றே அவள் விரலுக்குத் தூரம் தெரியவில்லை.

ஜன்னல் பக்கம் போனேன். "எப்பலேர்ந்து?"

அவள் கூரையையே பார்த்தாள். "மூணு நாளா மின்னி மின்னி வந்துது. நேத்து ஓரத்துல நிழல் மாதிரி. பூஜை முடியட்டும்னு பாத்தேன். சொன்னா நீங்க அத்தனையும் நிறுத்திடுவீங்க."

"டாக்டர்கிட்ட காலையிலன்னு சொன்னியே."

"திட்டுவாரேன்னு."

பூசணிக்காய்க்காரப் பெண் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி திரும்பினாள். "சண்டய ஆஸ்பத்திரில வெச்சிக்க சார். வண்டியப் பாரு மொதல்ல."

சாவியைத் திருப்பி நிறுத்தச் சொல்லி, காயிலின் வயரைப் பிடுங்கினேன். அவளுடைய பூசணி வெட்டும் கத்தியால் சந்தனத்தைச் சுரண்டினேன். அடியில் கருகிய கோடு ஒன்று இருந்தது. அது போகும்வரை தேய்த்தேன். மனைவியின் தலையணை உறை ஒன்றைக் கழற்றி, காயிலின் வாயையும் வயரின் நுனியையும் ஈரமில்லாமல் துடைத்தேன். வயரைத் திரும்பச் செருகி, பிளக்கை இரும்பில் வைத்துச் சோதித்தபோது நுனியில் நீலப் பொறி விழுந்தது. பிளக்கைத் திரும்ப முடுக்கி, வயர்களை அழுத்தி மாட்டினேன். "திருப்பும்மா." எஞ்சின் பிடித்துக்கொண்டது. அவள் பயந்து சாவியிலிருந்து கையை எடுத்தாள்.

"நீதான் சார் ஓட்டணும் இனிமே" என்று இறங்கி, குடையை வாங்கிக்கொண்டு போனாள்.

ஓட்டத் தொடங்கியதும், மனைவி மடியில் இருந்த என் செல்பேசியில் மருத்துவரை அழைக்கச் சொல்லி, மூன்று நாள் என்பதை அவளையே சொல்லவைத்தேன். அவர் திட்டவில்லை. நேரே ஆபரேஷன் தியேட்டருக்கே கொண்டு வாருங்கள் என்று மட்டும் சொன்னார். அதுதான் என்னை அதிகம் பயமுறுத்தியது.

மருத்துவர் கண்ணுக்குள் வெளிச்சம் அடித்து நெடுநேரம் பார்த்தார். நடுப்பகுதியின் ஒரு விளிம்பு கழலத் தொடங்கிவிட்டது, முழுதும் போகவில்லை என்றார். உள்ளே அழைத்துப் போனார்கள். ஒட்டிய விழித்திரையை அழுத்திப் பிடிக்கக் கண்ணுக்குள் வாயு நிரப்பி அனுப்பினார்கள். அதன் பிறகு பல நாள் குப்புறப் படுத்தே இருந்தாள். தரையைப் பார்த்தே பேசினாள், தரையைப் பார்த்தே சாப்பிட்டாள்.

வாயு கரைந்த பிறகு ஒரு காலை, இடது கண்ணை மூடிக்கொண்டு என்னைக் கூர்ந்து பார்த்தாள். நான் அசையாமல் நின்றேன்.

"தெரியறீங்க" என்றாள். "மூக்கு மட்டும் கொஞ்சம் கோணலா."

இன்றுவரை அந்தக் கண்ணுக்கு அது கோணலாகத்தான் தெரிகிறது.