மந்தாவில் ஏறியவன்

பூலோகம் என்கிற எங்கள் மேஸ்திரியின் மேல் எனக்கு இருக்கிற கோபம் இன்னும் ஆறவில்லை. இசக்கிப்பாண்டியின் பிழைப்பைப் பறித்தவன் அவன்தான்.

தாராவியில் தோல் பதனிடுகிற ஷெட்டில் எங்களுக்கு வேலை. மழை இறங்கிவிட்டால் தோல் காயாது. "மந்தா" என்று ஒரே வார்த்தை சொல்லி மேஸ்திரி கதவைச் சாத்திவிடுவான். வேலை கிடையாது, கூலி கிடையாது. ஆனால் கூப்பிட்டால் அந்த நிமிஷமே வந்து நிற்க வேண்டும். பிந்தினவன் இடம் இன்னொருத்தனுக்கு. மந்தாவுக்கு அர்த்தம் அவ்வளவுதான் என்று நாங்கள் மூஞ்சியைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருப்போம்.

இசக்கிப்பாண்டி உட்காரமாட்டான். தோலில் ஒட்டின சதையைச் சுரண்டுகிறவன், ஒல்லிக்குச்சி உடம்பு. "மந்தான்னா சும்மா கெடக்குறதா வே? உடம்பு நம்ம கைக்குத் திரும்பி வந்திருக்கு, எந்திரிங்க!" என்று தோல் காயப்போடும் முற்றத்தில் எங்களை ஒருத்தர் தோளில் ஒருத்தராக ஏற்றிப் பழக்குவான். கோகுலாஷ்டமிக்கு ரோட்டுக்குக் குறுக்கே உயரத்தில் கட்டுகிற தயிர்ச்சட்டியை மராட்டிக்காரப் பையன்கள்தான் வருஷாவருஷம் உடைப்பார்கள். நாங்கள் ஏறிப்பார்த்த இரண்டு வருஷமும் பாதியில் சரிந்து விழுந்தோம். தெரு சிரிப்பாய்ச் சிரித்தது.

அறுபத்துநாலில் மறுபடியும் ஏறினோம். நான் அடிவரிசை. மாடிகளிலிருந்து தண்ணீர் கொட்டுகிறார்கள், "கோவிந்தா!" என்று காது கிழிகிறது, இசக்கிப்பாண்டியின் கால் என் தோளை மிதித்து மேலே போகிறது! அன்றைக்கென்று வெயில் சுள்ளென்று அடித்துத் தொலைத்தது. கூட்டத்தைப் பிளந்துகொண்டு மேஸ்திரி வந்தான்.

"ஷெட்டு தொறந்தாச்சுலே! இப்ப வராதவனுக்கு எடம் கெடையாது!"

அடிவரிசை ஆடியது. பக்கத்தில் நின்ற சொரிமுத்து, "அண்ணே, பொண்டாட்டி புள்ள இருக்கு" என்று முனகினான். நாங்கள் விலகினால் உச்சியில் இருப்பவன் மண்டை உடையும்.

"கீழ என்னலே கூட்டம் போடுதிய?" உச்சியிலிருந்து இசக்கிப்பாண்டி கத்தினான். "மேஸ்திரி, நீரும் ஒரு தோள் குடும், வெரசா முடிஞ்சிரும்!"

தெருவே வெடித்துச் சிரித்தது. சொரிமுத்துவும் சிரித்துவிட்டான். எங்கள் கால்கள் ஊன்றிக்கொண்டன. ஒரே எட்டு, சட்டி சிதறித் தயிர் என் கண்ணில் வடிந்தது. நான் என்ன கத்தினேன் என்று எனக்கே தெரியாது!

எங்கள் அத்தனை பேரையும் விரட்டினால் ஷெட் ஓடாது. அதனால் மேஸ்திரி இசக்கிப்பாண்டியை மட்டும் வாசலோடு அனுப்பினான். அவன் பம்பாய்க்குள்ளேயே ரயில் தூரத்தில் இருக்கிற பாண்டுப்பில் ஒரு கம்பெனிக்குப் போனான். ரயில் ஏறும்போது என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அண்ணே, மந்தா விழுந்ததும் எனக்கு ஆள் அனுப்பு. உச்சியில வேற எவனையும் ஏத்திராத."