பக்கவாத்தியங்களுடன்

ஆர்மோனியத்தின் பித்தளை ரீடு ஒன்று இடது கைப் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் நிற்கிறது. வலது கை, பாதியாக ஒடித்த சவரப் பிளேடை அதன் நாக்குக்கு அடியில் செருகி, நுனியை ஒரு மயிரிழை தூக்குகிறது. பிறகு ஊசி அரம். இரண்டே இழுப்பு. ரீடை உதட்டில் வைத்து மூச்சை உள்ளே இழுத்தால் ஒரு சுரம் வருகிறது. இல்லை என்று தலை ஆடுகிறது. நாக்கின் நுனியைச் சுரண்டினால் சுருதி ஏறும், அடியைச் சுரண்டினால் இறங்கும். இப்போது அடியில் ஓர் இழுப்பு. மறுபடி உதடு. இந்த நேரத்தில் யாராவது பேச்சுக் கொடுத்தால் அரம் பிடித்த கை அப்படியே நிற்கும். பேசியவர் வாயை மூடிய பிறகுதான் வேலை தொடரும்.

கைக்குரியவர் பெயர் அப்புசாமி. கோலா சுங்கை பாரு போகும் சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவுகிறார். வயது நாற்பத்தாறு. காலையில் முள்வேலிக் கதவைத் திறந்ததும் வெளியே போய், முந்நூற்றைம்பது மரம் சீவி, பால் எடுத்து, நிறுத்துக் கொடுத்துவிட்டுக் குளித்தால் மணி இரண்டாகிவிடும். அதற்குப் பிறகு தொழிலாளர் வரிசை வீடான லயத்து வாசலில் பால்டின் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து ஆர்மோனியப் பெட்டி பழுது பார்ப்பார். நாளெல்லாம் கத்தி பிடித்த கை நடுங்காதா என்று ஒரு முறை கேட்டேன். “கட்டையில காயம் படாம தோலை மட்டும் சீவுற கை தம்பி. ரீடு எம்மாத்திரம்லா,” என்றார்.

ரீடுகளுக்கு அவர் பெயர் வைத்திருக்கிறார். சும்மா இருக்கும்போதும் இரைந்துகொண்டிருக்கும் ரீடு, தோட்டத்துக் கணக்குப்பிள்ளையான ‘கிராணி’. காற்று முழுவதும் வந்து சேர்ந்த பிறகே வாய் திறக்கும் அடிச் சுரம் ‘துரை’. எதைத் தொட்டாலும் கூடவே தானும் பாடும் ஒன்றுக்குத் தம் மனைவி முனியாயியின் பெயரை வைத்து, அதை அவள் காதில் விழும்படி சொல்வார். சாப்பிட்டுவிட்டு ரீடை வாயில் வைக்க மாட்டார், மூச்சு கனத்துவிடுமாம். அதனால் பெட்டி வேலை இருக்கும் நாளில் பகல் சோறு மாலை ஐந்து மணிக்குத்தான்.

பழுது பார்ப்பவர் என்று மட்டும் சொன்னால் அது பாதிதான். இவர் மெட்டுப் போடுகிறவர். தோட்டத்து நாடகங்களுக்கும் கல்யாணங்களுக்கும் போட்டிகளுக்கும் கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் அறுபது பாட்டுக்குமேல் மெட்டமைத்திருக்கிறார். எல்லாம் சின்னச் சின்ன, சட்டென்று வாயில் ஒட்டிக்கொள்ளும் பாட்டுகள். மெட்டு பிறப்பது பெட்டியில் இல்லை, காட்டில். ஒரு மரத்திலிருந்து அடுத்த மரத்துக்கு நடக்கும் தூரம் பாட்டில் ஓர் அடி. சமதரையில் பிறந்த பாட்டு நிதானமாகப் போகும். சரிவில் மரம் நெருக்கமாக இருப்பதால் அங்கே பிறந்த பாட்டில் அடிகள் ஓடும். “இது மேட்டுக்காட்டுப் பாட்டு, மூச்சு வாங்கும், பாத்துப் பாடுங்க,” என்று பாடுகிறவர்களுக்குச் சொல்லித் தருவார்.

அவசரகாலச் சட்டம் வந்து, காட்டிலுள்ள கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி போகாமலிருக்க லயங்களைச் சுற்றி வேலி போட்டபோது, ‘வேலி போட்ட ஊருக்குள்ளே வெயிலுக்கென்ன பாஸு கேட்டான்’ என்று ஒரு வேடிக்கைப் பாட்டு கிளம்பியது. அதை மலாக்கா ஆற்றோரம் படகுக்காரர்கள் பாடிக் கேட்டிருக்கிறேன். பாச்சாங்கில் எனக்கு முடி வெட்டுகிறவர் அதை முணுமுணுத்தபடிதான் கத்தரிப்பார். யார் போட்ட மெட்டு என்று கேட்டேன். ரேடியோப் பாட்டு என்றார். அதை எந்த ரேடியோவும் போட்டதில்லை.

மலாக்காவில் நான் உறுப்பினனாக இருக்கும் சங்கம் ஆண்டுக்கு ஒரு முறை தோட்டங்களுக்கிடையே பாட்டுப் போட்டி வைக்கிறது. நன்றாகப் பாடியவருக்குத் தங்க முலாம் பூசிய பதக்கம். அவருடைய தோட்டத்துக்குக் கோப்பை. பின்னால் உட்கார்ந்து வாசித்தவர்களுக்குத் தலைக்கு ஒரு துண்டு. ஆறு ஆண்டுப் பதக்கங்களில் நான்கு, அப்புசாமியின் மெட்டைப் பாடியவர்களுக்குப் போயின. நான்கில் மூன்று, அதே தோட்டத்து ஆபீசில் வேலை பார்க்கும் காளிமுத்துவுக்கு. நல்ல குரல், நல்ல பையன். அவன் மேல் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை.

குறை சொல்ல வேண்டியது என்னை. அந்த ஆறு போட்டிகளுக்கும் நோட்டீசு அச்சுக் கோத்தவன் நான். இந்தத் தொழிலை எனக்கு யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தரவில்லை. அச்சாபீசில் தரை கூட்டியபடியே எழுத்துப் பெட்டியின் அறைகளை மனப்பாடம் செய்து கற்றுக்கொண்டேன். அதனாலோ என்னவோ, பக்கம் பார்வைக்குச் சுத்தமாக இருக்க வேண்டும் என்பதில் எனக்குப் பிடிவாதம் உண்டு. முதல் ஆண்டு எனக்கு வந்த கையெழுத்துத் தாளில், காளிமுத்துவின் பெயருக்குக் கீழே ‘மெட்டும் ஆர்மோனியமும்: அப்புசாமி’ என்று எழுதியிருந்தது. கோத்து முடித்தபோது பக்கத்தில் அடங்காமல் ஒரு வரி மிஞ்சியது. அந்த வரியை எடுத்துவிட்டு, காளிமுத்துவின் பெயரை ஒட்டி அதே வரியில் ‘பக்கவாத்தியங்களுடன்’ என்று தடித்த எழுத்தில் ஒரே சொல்லைப் போட்டேன். பக்கம் எடுப்பாக இருந்தது. யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த ஆண்டு அந்த எழுத்துகளைப் பிரிக்காமல் கட்டி வைத்திருந்ததை அப்படியே எடுத்து, தேதியையும் பாட்டையும் மட்டும் மாற்றினேன். அதற்கடுத்த ஆண்டும் அதே. ஆறு ஆண்டும் அதே.

சென்ற ஆண்டு போட்டி ஞாயிறு பகலில் நடந்தது. அந்த ஆண்டுதான் முதல்முறையாகக் கூட்டத்துக்குப் போலீஸ் அனுமதி வேண்டும் என்றார்கள்; அதை வாங்கச் சங்கம் நோட்டீசைக் கொடுத்தது. அதிலுள்ள பெயர்களை நிலையத்துத் தமிழ்க் குமாஸ்தா ஆங்கிலத்தில் எழுதி, முத்திரை வைத்துச் சாலைச் சாவடிக்கு அனுப்பினார். பட்டியலில் உள்ளவர்கள் மட்டும் அன்று தோட்டத்தைவிட்டுப் போகலாம். லோரியைச் சாவடியில் நிறுத்தி, அடையாளக் கார்டையும் பட்டியலையும் ஒத்துப் பார்த்த போலீஸ்கார மாத்தா, அப்புசாமியின் கார்டைத் திருப்பிக் கொடுத்து, “நாமா தாடா,” என்றாராம். பெயர் இல்லை. காளிமுத்து கெஞ்சிப் பார்த்திருக்கிறான், நடக்கவில்லை. அப்புசாமி தாமே இறங்கிக்கொண்டார்.

“பொட்டிக்கு யாரும் கார்டு கேக்கலே. அது போகட்டும்லா.”

ஆர்மோனியம் போனது. டவுன் ஆள் ஒருவர் அதை வாசித்தார். அப்புசாமியின் பாட்டைக் காளிமுத்து பாடிப் பதக்கம் வாங்கினான். அப்புசாமி சாவடிக்குப் பக்கத்தில் வாய்க்கால் கட்டையில், லோரி திரும்பி வரும் வரை நாலரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார். பெயரில்லாமல் வெளியே வந்தார் என்று அவருடைய கார்டு எண்ணைக் குறித்துக்கொண்டார்கள். ஒரு மாதம், தினமும் மாலையில் தோட்டத்துக் காவல் கொட்டகையில் போய்க் கையெழுத்துப் போட்டார்.

இதையெல்லாம் எனக்குச் சொன்னவன் காளிமுத்து. தங்கை கல்யாணப் பத்திரிகை அடிக்க வந்தவன் வேடிக்கையாகத்தான் சொன்னான். அன்று திரும்பும் வழியில் பதக்கத்தைக் கழற்றி, “நீங்க ஒரு வாட்டி போட்டுப் பாருங்கண்ணே,” என்று அவர் கழுத்தில் போட்டானாம். “வேர்வை பட்டா கறுத்திடும், எடுத்துக்கோ,” என்று உடனே கொடுத்துவிட்டாராம். அவன் சிரித்தபோது என் கையில் கோத்துக்கொண்டிருந்த எழுத்து இருந்தது. அதைக் கீழே வைக்கவும் முடியவில்லை, மேலே கோக்கவும் முடியவில்லை.

இந்த ஆண்டு சங்கத்தில் ஒரு புதிய தீர்மானம் வந்தது. மெட்டமைத்தவருக்கும் ஒரு பதக்கம். அதைக் கொண்டு வந்தவன் நானே. தீர்மானம் நிறைவேறிய கையோடு ஒரு விதியையும் சேர்த்தார்கள். ஆளாளுக்கு உரிமை கொண்டாடக் கூடாது என்பதற்காக, மெட்டுப் போட்டவர் என்று பெயர் அச்சாகியுள்ள பழைய நோட்டீசு ஒன்றைத் திங்கட்கிழமைக்குள் காட்ட வேண்டும். வாய்ச்சொல் செல்லாது. நியாயமான விதி என்று எல்லாரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். வீட்டுக்கு வரும் வழியில்தான் எனக்கு உறைத்தது. அச்சாபீசில் ஆறு நோட்டீசும் கோப்பில் இருந்தன. ஆறிலும் காளிமுத்துவின் பெயர் இருந்தது. அப்புசாமி இருக்க வேண்டிய இடத்தில் ஆறு முறையும் அந்தத் தடித்த சொல் இருந்தது.

அடுத்து நான் செய்ததை இங்கே எழுதுவதற்கு முதலாளி என்னைக் கண்டிக்கலாம். சென்ற ஆண்டு நோட்டீசை, அதே எழுத்தில், அதே மஞ்சள் தாளில், அவருடைய வரியையும் சேர்த்து மறுபடி கோத்து ஒரே ஒரு பிரதி எடுத்தேன். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, காற்று ஒழுகும் சங்கத்து ஆர்மோனியத்தைச் சாக்காகத் தூக்கிக்கொண்டு, ஞாயிறு மதியம் பஸ் ஏறினேன். சாவடியில் பெட்டியைத் திறக்கச் சொல்லி, துருத்திக்குள் அரிசி இருக்கிறதா என்று குச்சியால் தட்டிப் பார்த்தார்கள். சட்டைப்பையை யாரும் பார்க்கவில்லை.

ரீடுகள் முடிகிற வரை நான் வாய் திறக்கவில்லை. முனியாயி காப்பி கொண்டு வந்து வைத்தாள். புதுப் பதக்கத்து விஷயம் காளிமுத்து வழியாக அதற்குள் லயத்துக்கு வந்திருந்தது.

“சாட்சி கேக்குறாங்களாமே தம்பி? சங்கத்துல குடுத்த துண்டு அஞ்சு இருக்கு. ஒண்ணு அடுப்புத் துணியாப் போச்சி, மத்ததைத் தொவைச்சித் தர்றேன், கொண்டுபோயிக் காட்டுங்க. போன வருசத் துண்டு மட்டும் வரலே.”

அப்புசாமி அரத்தை வாயில் கவ்வியபடி சிரித்தார். அவள் உள்ளே போன பிறகு சொன்னேன்.

“அண்ணே, அந்த வரியை எடுத்தது நான். தலைவரு சொல்லலே, யாரும் சொல்லலே. ஒரு வரி மிஞ்சினிச்சி. எடுத்திட்டேன்.”

அவர் கடைசி ரீடை அதன் இடத்தில் வைத்துத் திருகாணியை முடுக்கினார். முடுக்கிவிட்டு அதைக் கால் சுற்றுத் தளர்த்தினார்.

“எல்லா வருசமுமா?”

“ஆமாண்ணே.”

“நோட்டீசு பாக்க அழகா இருக்கும் தம்பி. ஒண்ணு நம்ம வீட்டுப் பலகையில ஒட்டி வச்சிருந்தேன்.”

அவர் கோபித்துக்கொண்டிருந்தால் எனக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும். மஞ்சள் தாளை எடுத்து விரித்துக் கொடுத்தேன். இதைக் கொண்டுபோய் நாளைக்கே காட்டிவிடலாம், எழுத்தும் தாளும் அதேதான், யாருக்கும் தெரியாது என்றேன். அவர் கையைக் கைலியில் துடைத்துக்கொண்டு வாங்கினார். எழுத்துக்கூட்டித்தான் படிப்பார். விரல் தாளில் படாமல் மேலே மேலே நகர்ந்து, கீழ்க்கோடியில் தம் பெயருக்கு வந்ததும் நின்றது.

“இதைப் போட எதைத் தம்பி எடுத்தீங்க?”

“ஒண்ணும் எடுக்கலேண்ணே. ஓரத்தைக் கொஞ்சம் கொறைச்சேன். பத்திச்சி.”

“அப்ப எடம் இருந்திச்சி,” என்றார்.

கேள்வியாக இல்லை, குற்றமாகவும் இல்லை. ஒரு ரீடின் சுருதியைக் கண்டுபிடித்ததுபோல் சொன்னார். பக்கத்து லயத்தில் யாரோ துணி அடித்துத் துவைக்கும் சத்தத்தை எண்ணிக்கொண்டிருந்தேன்.

அவர் தொடர்ந்தார். “ஸ்டேசன்ல பழைய நோட்டீசு இருக்கு, லிஸ்டும் இருக்கு. அதுல இல்லாத பேரு இதுல எப்படி வந்திச்சின்னு ஒருத்தன் கேட்டான்னு வைங்க. நான் ஒரு மாசம் கையெழுத்துப் போட்டேன், பழக்கமாப் போச்சி. உங்களை உள்ள கொண்டுபோயிடுவான். அச்சாபீசைப் பூட்டிடுவான். இந்தக் காலத்துல வேணாம்லா.”

“அப்ப மெடலு?”

“காளிமுத்து பேருதானே எல்லாத்துலயும் இருக்கு? அவன் வாங்கிக்கிடட்டும். பாட்டு நம்ம தோட்டத்தைவிட்டு எங்கயும் போயிடாது.”

பெட்டியைக் கவிழ்த்தார். காற்று ஒழுகியது ரீடுகளால் மட்டும் அல்ல. அடிப்பலகையில் உள்பக்கமாக நீளவாட்டில் ஒரு விரிசல் ஓடியிருந்தது. அதை எனக்குக் காட்டிவிட்டு, முனியாயியிடம் மரவள்ளிப் பசை கேட்டு வாங்கினார். விரிசல்மேல் ஒட்டுவதற்கு வழக்கமாகப் பழைய செய்தித்தாள் வைத்திருப்பார். இன்று அதைத் தேடவில்லை. என் மஞ்சள் தாளைத் தொடையில் வைத்து மடித்து, மடிப்பின்மேல் நகத்தை ஓட்டி, கீழ்ப்பகுதியை ஒரே கிழிப்பில் நேராக எடுத்தார். அவருடைய வரி முழுதாக அந்தத் துண்டில் இருந்தது. மேல்பகுதியை அடுப்புக்கென்று முனியாயியிடம் நீட்டினார்.

அச்சான பக்கத்தில் பசையைத் தடவி, அந்தப் பக்கம் மரத்தோடு ஒட்டும்படி விரிசல்மேல் வைத்தார். கட்டைவிரலால் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை, குமிழி இல்லாமல் நீவிக்கொண்டே போனார். வெளியே தெரிந்தது வெறும் மஞ்சள் தாள்.

காயக் கால்மணி நேரம் ஆனது. நாங்கள் காப்பி குடித்தோம். பிறகு அவர் பலகையை மாட்டி, எட்டுத் திருகாணிகளையும் முடுக்கி, துருத்தியை இழுத்து ஒரு சுரத்தைப் பிடித்துக்கொண்டே இருந்தார். ஒழுகல் நின்றிருந்தது. மேட்டுக்காட்டுப் பாட்டின் முதல் இரண்டு அடிகளை வாசித்தார். உள்ளேயிருந்து முனியாயி மூன்றாவது அடியைப் பாடினாள். அதற்குள் அவர் துருத்தியை மூடிக் கொக்கியைப் போட்டுவிட்டார்.

மூடியின் மேலும் பக்கங்களிலும் தம் விரல் பட்ட இடங்களை எல்லாம் கைலி நுனியால் ஒன்றுவிடாமல் துடைத்தார். கட்டைகள் என் பக்கம் இருக்கும்படி பெட்டியைத் திருப்பி, எழுந்து நின்று, இரண்டு கைகளாலும் என்னிடம் கொடுத்தார்.