ஓரகத்தி மாற்றிய விசைகள்

மாமாவின் இடது சுண்டுவிரல் கேப்ஸ் லாக் விசையை அழுத்திப் பிடித்திருந்த அந்த ஞாயிற்றுக்கிழமை காலை இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. ஆள்காட்டி விரலால் எஃப் அடித்தார். திரையில் ஜே விழுந்தது. “ஏக்தம் ஃபர்ஸ்ட் கிளாஸ்!” என்று வாய்விட்டுச் சிரித்தார். பக்கவாதத்தில் வலது கை விழுந்துபோனதிலிருந்து அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. அந்தச் சிரிப்பு என் ஓரகத்திக்குக் கிடைத்தது. நான் காபி டம்ளரோடு நின்றுகொண்டிருந்தேன்.

மாமா என் மாமனார். வேலூர்ப் பக்கத்திலிருந்து இளவயதில் புனேவுக்கு வந்து, படைக்கலத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கோர்படியில் ரயில்வே காலனிக்குப் பின்னாலிருந்த அவர் வீட்டுக்கு நான் கோயம்புத்தூரிலிருந்து மூத்த மருமகளாக வந்தேன். கணிதம் படித்திருந்தும், இந்தி வராததால் வேலைக்குப் போகவில்லை. மாமாவுக்கு நோய் வந்த பிறகுதான் அந்த வீட்டில் எனக்கென்று ஓர் இடம் உண்டானது. ஆளுக்கொரு ஊராகப் பிரிந்துபோன தொழிற்சாலை நண்பர்களுக்கு அவர் சொல்லச் சொல்ல நான் மின்னஞ்சல் அடிப்பேன். பழைய வேலைநிறுத்தம், பிறந்த சில நாளில் இறந்துபோன முதல் பெண் குழந்தை என்று என் கணவருக்குக்கூடத் தெரியாதவை எல்லாம் என் விரல்கள் வழியாகத்தான் போயின. நடுவில் நிறுத்தி, “இத எழுதலாமாம்மா?” என்பார். நான் தலையசைத்தால்தான் அந்த வரி போகும்.

ஓரகத்தி சென்னைப் பெண். ஹிஞ்சேவாடியில் மென்பொருள் வேலை. காலையில் கம்பெனி வண்டி ஏறினால் திரும்ப இருட்டிவிடும். வீட்டுக் கணினியில் லினக்ஸ் இயங்குதளம் போட்டவளும் அவள்தான். அந்த ஞாயிறு ஒரே காலையில் சின்னதாக ஒரு ஷெல் ஸ்கிரிப்ட், அதாவது கணினிக்கான கட்டளைத் தொகுப்பு, எழுதிவிட்டாள். கேப்ஸ் லாக்கைப் பிடித்துக்கொண்டால், வலப்பக்க எழுத்துகள் கண்ணாடியில் தெரிவதுபோல இடப்பக்க விசைகளுக்கு வந்துவிடும். ஒரு கையே போதும். “இனிமே அக்காவத் தொந்தரவு பண்ண வேணாம் மாமா,” என்றாள். தொந்தரவு என்று நான் எப்போது சொன்னேன்?

அதன் பிறகு மாமா தானே அடித்தார். அருகே போனால், “ஒண்ணும் வேணாம்மா, நீ உன் வேலையப் பாரு,” என்பார். நான் வேண்டாமென்ற வரிகளை எல்லாம் இப்போது எழுதுகிறாரோ என்று சமையலறையில் நின்று விசைச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பேன். மாலையில் அவள் செருப்பைக் கழற்றும்போதே, “ஸ்பீடு ஏறிடுச்சா மாமா?” என்பாள். அவர் முகம் மலரும். எனக்கு வயிறு எரியும்.

பிறகு கொழுந்தனாருக்கு பெங்களூரில் வேலை கிடைத்து இருவரும் கிளம்பினார்கள். போகிற அவசரத்தில் அவள் கணினியில் லினக்ஸின் புதிய பதிப்பைப் போட்டுவிட்டுப் போனாள். மறுநாள் மாமா கேப்ஸ் லாக்கைப் பிடித்துக்கொண்டு எஃப் அடித்தாலும் எஃப்பே விழுந்தது.

“இன்னாம்மா ஆச்சு இதுக்கு?”

எனக்கு வந்தது மகிழ்ச்சிதான். “நீங்க சொல்லுங்க மாமா, நான் அடிக்கறனுங்க,” என்று நாற்காலியை இழுத்துப் போட்டேன். இரண்டு வரி சொன்னார். பிறகு, “அப்புறம் பாத்துக்கலாம்மா,” என்று எழுந்துபோய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். சாப்பாட்டுக்குக் கூப்பிட்டும் திரும்பவில்லை.

அவள் எழுதிய ஸ்கிரிப்டை நானே திறந்தேன். நானே கட்டளை கொடுத்து ஓட்டினால் வேலை செய்தது. கணினி தொடங்கும்போது மட்டும் செய்யவில்லை. பலமுறை முட்டிமோதிய பிறகு புரிந்தது: ஸ்கிரிப்ட் முந்திக்கொண்டு ஓடிவிடுகிறது, பின்னால் வரும் கணினியின் சொந்த அமைப்பு அதை அழித்துவிடுகிறது. முதல் வரிக்குக் கீழே ‘ஸ்லீப்’ என்ற கட்டளையைச் சேர்த்து, சில நொடிகள் பொறுக்க வைத்தேன். சரியாகிவிட்டது.

மாமா அன்று மாலையே பெங்களூருக்குப் போன் போட்டார். “நீ போட்டுக் குடுத்தது மறுபடி ஓடுதும்மா. உன் வேலைன்னா வேலைதான்!”

அவள் ஏதோ சொல்ல, போனை என்னிடம் நீட்டினார்.

“நீங்கதானே அக்கா சரி பண்ணீங்க? எப்படின்னு சொல்லுங்க. இங்க ஆபீஸ்ல எனக்கும் இதே பிரச்சினை, தலையப் பிச்சிக்கிட்டிருக்கேன்.”

சொன்னேன். “ஐயோ, எனக்குத் தோணவே இல்லையே அக்கா!” என்று கத்தினாள். “மாமாகிட்ட குடுங்க, நான் சொல்றேன், இது உங்க வேலைன்னு.”

அவள் குரலில் துளிக்கூடப் பொறாமை இல்லை. இத்தனை வருடம் கழித்தும் அவளிடம் நான் பொறாமைப்படுவது அதற்காகத்தான்.